டவரில் பன்னிரண்டாவது சாமான்

எவரிஸ்தோ மூன்றாவது முறையாக எண்ணினான். ஆன்டெனா ஆறு. டிஷ் தட்டு இரண்டு. இடிதாங்கி ஒன்று. சிவப்பு விளக்கு ஒன்று. ஏணி ஒன்று. ஆக மொத்தம் பதினொன்று. ஒப்பந்தத்திலும் பதினொன்றுதான் போட்டிருந்தது. டவரில் மட்டும் பன்னிரண்டு இருந்தது.

பன்னிரண்டாவது சாமான், நாற்பத்திரண்டு மீட்டர் உச்சியில் கட்டியிருந்த ஆறடி மரச்சிலுவை. ரோஸும் மஞ்சளுமாகக் காகிதப் பூ சுற்றி, நீல ரிப்பன் கட்டி, மலைக்காற்றில் அது பாட்டுக்குச் சரசரத்துக்கொண்டிருந்தது.

“அட ஆண்டவனே!” என்றான் எவரிஸ்தோ. யாரைக் கூப்பிடுகிறோம் என்று உறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தணிக்கை. டவர் கம்பெனியில் அவன் பொறுப்பில் இருந்த பதினாலு டவரில் பதிமூன்று தேறிவிட்டன. இந்த சாந்தா இனேஸ் ஊர் டவரும் தேறினால், ஆறு வருஷ மலைச்சுற்றல் முடிந்து பியூப்லா நகர அலுவலகத்துக்கே மாற்றல். தேறாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் இதே மலை, இதே தூசி. வீட்டில் மனைவி ஐரிஸுக்கு ஏழாம் மாதம். “புள்ள பொறக்கறப்போ நீ எந்த மலையில நின்னு ஆன்டெனா எண்ணிக்கிட்டிருப்பே?” என்று அவள் காலையில்தான் கேட்டிருந்தாள். அந்தக் கேள்வி வண்டியில் அவனோடு ஏறி இங்கே வரைக்கும் வந்துவிட்டது.

டவர் நின்ற நிலம், ஊரே மரியாதையாகத் ‘தோன்’ போட்டுக் கூப்பிடும் ஃபிடென்சியோவுடையது. அதன் மறுகோடியில் அவருடைய சோள ரொட்டிக் கடை. எவரிஸ்தோ ஓடினான்.

“தோன் ஃபிடென்சியோ, உங்க நிலத்துல ஒரு சிலுவை நிக்குது. கொஞ்சம் எறக்கிடுங்களேன்.”

அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து மூக்குக்கண்ணாடியையும் ஒப்பந்தத்தையும் எடுத்தார். ஏழு மாதத்துக்கு முன்னால், “இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு” என்று எவரிஸ்தோ விரலால் காட்டக் காட்ட, படிக்காமலே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. ஊரில் ஒருத்தரையும் படிக்கவிடாமல் கையெழுத்து வாங்கிவிடுவதில் எவரிஸ்தோவுக்குக் கம்பெனியிலேயே பெயர். ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு படிப்பார்கள் என்று அவன் நினைக்கவில்லை. தோன் ஃபிடென்சியோ இதுவரை ஏழு தடவை படித்திருந்தார்.

“என் நிலத்துலயா நிக்குது? ஷரத்து மூணைப் பாருங்க. மண்ணு என்னோடது. மண்ணுக்கு மேல நிக்கற இரும்பு உங்களோடது. இரும்புல தொங்கற எதுவும் உங்க பொறுப்பு.”

“சரி, ஒரு உதவியா...”

“ஷரத்து ஒம்போது. நிலச் சொந்தக்காரன் வேலிக்குள்ள காலை வைக்கப்படாது. போன மாசம் என் கோழி உள்ள போயிடுச்சு. நான் போகலியே. முட்டை போட்டுட்டு அதுவா வந்துச்சு. முட்டை இன்னும் உள்ளதான் கெடக்கு. அது உங்களோடது.”

“யாரு ஏத்தினா சிலுவையை?”

“கொத்தனாருங்கதான். மே மூணாந்தேதி திருச்சிலுவைத் திருநாளாச்சே! கட்டின கட்டடத்துல சிலுவை ஏத்தாம இருப்பாங்களா?”

“வேலியைத் தாண்டியா?”

“எதுக்குத் தாண்டணும்? ஷரத்து பதினொண்ணு. அஸ்திவாரம் கட்டின மேஸ்திரி ஒரு வருஷத்துக்கு வெடிப்புப் பாக்க உள்ள வரலாம். சாவியே நீங்கதானே குடுத்தீங்க!”

எவரிஸ்தோவுக்குத் தலை சுற்றியது. உட்கார நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. உடனே தாதேயோவுக்குப் போன் போட்டான். தாதேயோ டவர் ஏறுகிறவன், பியூப்லாக்காரன், கம்பெனிக்குத் தினக்கூலி. மூன்று மணி நேரத்தில் பெல்ட்டும் கயிறுமாக வந்து நின்றான்.

எவரிஸ்தோவே ஏறியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பதினாலு டவருக்குப் பொறுப்பான மனுஷனுக்கு மூன்றாவது படிக்கு மேல் கால் நடுங்கும். இந்த ரகசியத்தை அவன் ஆறு வருஷமாகக் காப்பாற்றி வந்தான்.

தாதேயோ விறுவிறுவென்று ஏறினான். பாதியில் நின்றான். அண்ணாந்து பார்த்தான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ஏறின வேகத்திலேயே இறங்கினான்.

“என்னடா ஆச்சு?”

“மந்திரிச்ச சிலுவைன்னு நீங்க சொல்லவே இல்லையே! நான் தொட மாட்டேன்.”

“அது வெறும் மரம்டா!”

“எங்க சித்தப்பாவும் இப்படித்தான் சொன்னாரு. காலையில சிலுவையைக் கழட்டினாரு, சாயங்காலம் அவரோட லாரி திருட்டுப்போச்சு. சாமானோட போச்சு. சிலுவைக்குன்னு ஒரு ஞானத்தகப்பன் இருப்பாரு. அவருதான் தன் கையால எறக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சிருந்து, அடுத்த வருஷம் புதுப் பூ சுத்திக் குடுக்கணும். மத்தவன் தொட்டா விளங்காது.”

“யாருடா அந்த ஞானத்தகப்பன்?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் வெளியூரு. கொத்தனாரைக் கேளுங்க.”

மேஸ்திரி நாபோர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். எவரிஸ்தோவைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். கையாட்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவருடைய மனைவி எர்லிந்தா ஓடிப்போய் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கம்பெனிக்கு இந்த ஊரில் நல்ல மரியாதைதான் என்று எவரிஸ்தோ நினைத்துக்கொண்டான். நாற்காலியில் உட்கார மட்டும் நேரமில்லை.

“மேஸ்திரி, டவர்ல இருக்கற சிலுவை எறங்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள.”

“எறக்கலாமே. ஞானத்தகப்பன் எப்போ வந்து எறக்கினாலும் சரிதான்.”

“யாரு அவரு?”

நாபோர் மனைவியைப் பார்த்தார். மனைவி கையாட்களைப் பார்த்தாள். கையாட்கள் செங்கலைப் பார்த்தார்கள்.

“அவரு பெரிய மனுஷன், இன்ஜினியரே,” என்றார் நாபோர் மெதுவாக. “வேலை ஜாஸ்தி. திருநாளுக்கே வர முடியல அவரால. அவரு பேரைச் சொல்லி நாங்களே ஏத்திட்டோம்.”

“எங்க இருக்காரு இப்போ?”

“அலைஞ்சுக்கிட்டே இருக்கற ஆளு. எந்நேரம் எங்க இருப்பாருன்னு சொல்ல முடியாது.”

“ஒரு போன் போட்டுக் கூப்பிடுங்களேன்!”

“ஐயையோ! அது முறையா?” என்று எர்லிந்தா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

சாந்தா இனேஸில் அது முறையே இல்லை. ஞானத்தகப்பனாக இருப்பது கௌரவம். கௌரவப்பட்ட மனுஷனிடம் போய், ‘உன் கடமையைச் செய்’ என்று முகத்துக்கு நேரே சொன்னால், அவர் சாப்பிடுகிற தட்டைப் பிடுங்கின மாதிரி. அவராக வர வேண்டும். வராவிட்டால் காத்திருக்க வேண்டும். ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும், ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டார்.

“ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றாள் எர்லிந்தா. “டவர் நட்ட அன்னிக்கு எவ்வளவு ஆசையா சாப்பிட்டீங்க!”

அதை மறக்க முடியுமா? வான்கோழியைப் போட்டுக் கறுகறுவென்று காய்ச்சிய மோலேக் குழம்பு. ஒரு கையில் தட்டு, மறு கையில் காகிதக் கட்டு என்று அன்றைக்கு அவன் கூட்டம் முழுக்க அலைந்து கையெழுத்து வாங்கினான். ஊருக்கே பேனா ஒன்றுதான் இருந்தது. அது கை மாறிக் கை மாறிச் சுற்றிக்கொண்டிருந்தது.

“இன்னொரு நாள் பாக்கலாம்மா,” என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

பெரிய மனுஷன், வேலை ஜாஸ்தி, ஓயாத அலைச்சல். யாராக இருக்கும்? அன்று சாயங்காலத்துக்குள் எவரிஸ்தோ ஊர்த் தலைவரைப் பார்த்தான், பால் பண்ணைக்காரரைப் பார்த்தான், பல் டாக்டரையும் விடவில்லை. மூன்று பேருமே இல்லை என்றார்கள். பல் டாக்டர் மட்டும், வந்ததுதான் வந்தீர்கள் என்று ஒரு பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

வியாழக்கிழமை காலை அவனுக்கு அந்த அற்புதமான யோசனை உதித்தது. சிலுவையை இறக்க முடியாது, சரி. ஒப்பந்தத்தில் ஏற்றிவிடலாமே! பன்னிரண்டு இருக்கிறது என்று காகிதத்தில் இருந்துவிட்டால், பன்னிரண்டு இருப்பதில் என்ன தப்பு?

தலைமை அலுவலகத்தில் சட்டப்பிரிவு பெரெனிஸுக்குப் போன் போட்டான்.

“ஒரு சாமானைப் பட்டியல்ல சேக்கணும்மா.”

“என்ன சாமான்?”

“மரத்தாலானது. அலைவரிசை எதுவும் அனுப்பாது, வாங்காது.”

“அப்புறம் எதுக்கு அது?”

எவரிஸ்தோ கொஞ்சம் யோசித்தான். “மேல இருக்கறவரோட தொடர்புக்கு,” என்றான்.

பெரெனிஸ் சிரிக்கவில்லை. சட்டப்பிரிவில் சிரிக்கிற வழக்கமில்லை. “டவர்ல தொங்கற எதுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கணும். சொந்தக்காரர் இல்லேன்னா ஆக்கிரமிப்பு. இருந்தா அவரு வாடகைதாரர். வாடகைதாரர்னா ஒப்பந்தம் வேணும். எல்லா டெலிபோன் கம்பெனிக்கும் குடுக்கற அதே ஒப்பந்தத்தை அனுப்பறேன், பேரை மட்டும் மாத்திக்குங்க.”

பத்தொன்பது பக்கம் வந்தது. ‘வாடகைதாரர்: சாந்தா இனேஸ் கொத்தனார் சங்கம்’ என்று அடித்து, அச்செடுத்துக்கொண்டு எவரிஸ்தோ பறந்தான்.

“இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு,” என்று நாபோரிடம் விரலைக் காட்டினான்.

நாபோர் பேனாவை வாங்கவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு நேரே ரொட்டிக் கடைக்குப் போனார். கையாட்கள் பின்னாலேயே போனார்கள். தோன் ஃபிடென்சியோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெஷினை நிறுத்திவிட்டு, பத்தொன்பது பக்கத்தையும் உரக்க வாசித்தார். கடையில் ரொட்டிக்கு நின்ற வரிசையும் சேர்ந்து கேட்டது. வாசலில் எவரிஸ்தோ முன்னும் பின்னும் நடந்தான்.

“ஷரத்து நாலு. வாடகைதாரர் எந்நேரமும் உள்ளே வந்து போகலாம்.”

“நாங்களா?” என்றார் நாபோர்.

“நீங்கதான். ஷரத்து ஆறு. வாடகைதாரருக்குத் தடையில்லாத மின்சாரம். ஷரத்து எட்டு. வாடகைதாரரோட சாமான் வைக்க, ஏ.சி. போட்ட கருவி அறையில பாதி இடம். ஷரத்து பதினாலு. வாடகைதாரரோட சாமானை வேறெந்தச் சாமானும் மறைக்கக் கூடாது. மறைச்சா, புகார் வந்த உடனே கம்பெனி நகர்த்திக் குடுக்கணும்.”

“நல்ல மனுஷங்கப்பா!” என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

நாபோர் எவரிஸ்தோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “நீங்க செய்வீங்கன்னு எங்களுக்குத் தெரியும், இன்ஜினியரே. லேட்டானாலும் செய்வீங்கன்னு தெரியும்,” என்று மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

எவரிஸ்தோவுக்கு அந்த வார்த்தை சரியாகக் காதில் ஏறவில்லை. காரியம் முடிந்த சந்தோஷத்தில் ஐரிஸுக்குப் போன் போட்டு, “பியூப்லாவுல தொட்டிலுக்கு இடம் பாரு,” என்று சொல்லிவிட்டான். அவசரக்குடுக்கை!

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து பார்த்தபோது, வேலிக் கதவு விரியத் திறந்து கிடந்தது. டவர் உச்சியில் பட்டப்பகலில் நூறு பல்பு எரிந்தது. பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று விட்டு விட்டு எரிந்தது.

“என்ன மேஸ்திரி இதெல்லாம்?”

“ஷரத்து ஆறு,” என்றார் நாபோர் பெருமையாக.

கருவி அறையை எட்டிப் பார்த்தான். பாதியில் கம்பெனியின் கருவிகள் மினுங்கின. மீதிப் பாதியில் ஊர் பாண்டு செட்டின் பெரிய ஊதுகுழல், இரண்டு மத்தளம், பதினாறு தட்டு ஜெல்லி.

“வெயில்ல ஜெல்லி இளகிடுதுங்க. இங்க வச்சா கல்லாட்டம் நிக்குது,” என்றாள் எர்லிந்தா.

எவரிஸ்தோ அவசரமாகப் பெரெனிஸுக்குப் போன் போட்டான். போன் போகவில்லை. இன்னொரு தடவை போட்டான். ஒரு கோடுகூட இல்லை. டவருக்கு அடியிலேயே நின்றுகொண்டு டவர் கிடைக்கவில்லை என்றால் எப்படி? அண்ணாந்து பார்த்தான். உச்சியில் தாதேயோ பெல்ட்டில் தொங்கிக்கொண்டு திருகு முடுக்கிக்கொண்டிருந்தான்.

“டேய்! மேல என்னடா பண்றே?”

“தட்டு சிலுவையை மறைக்குதாம்!” என்று மேலிருந்து கத்தினான் தாதேயோ. “கோயில்லேர்ந்து பாத்தா பாதிதான் தெரியுதாம்! மேஸ்திரி காகிதத்தைக் காட்டினாரு, அதுல உங்க கையெழுத்து இருந்துச்சு! ரெண்டு தட்டையும் கொஞ்சம் திருப்பிட்டேன்!”

“சிலுவையைத் தொட மாட்டேன்னியே!”

“தட்டைத் தொடறதுக்கு எனக்கென்ன பயம்?”

அந்தத் தட்டுகள்தான் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற டவரோடு பேசுகிறவை. தாதேயோ திருப்பினதில் அவை இப்போது தோன் ஃபிடென்சியோவின் கோழிக்கூண்டோடு பேசிக்கொண்டிருந்தன. பள்ளத்தாக்கில் ஒன்பது ஊருக்குப் போன் செத்துப்போய்விட்டது. ஐரிஸுக்கு இந்த நேரம் பார்த்து வலி எடுத்தால்? உடனே தட்டை மறுபடி திருப்பச் சொன்னான். “திருப்பட்டும். திருப்பினா நான் புகார் குடுப்பேன். ஷரத்து பதினாலு,” என்றார் நாபோர், மரியாதையாகத்தான்.

பதினோரு மணிக்கு வரவேண்டிய தணிக்கை அம்மாள் பத்தரைக்கே வந்துவிட்டார். பெயர் ஒல்வேரா. குள்ளமாக, அமைதியாக, கையில் அட்டையோடு. பல்பைப் பார்த்தார். ஊதுகுழலைப் பார்த்தார். எர்லிந்தா நீட்டிய ஜெல்லியை வாங்கித் தின்றுகொண்டே பத்தொன்பது பக்கத்தையும் படித்து முடித்தார். படித்துவிட்டு எவரிஸ்தோவை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

“இதை நீங்க படிச்சுப் பாத்தீங்களா?”

எவரிஸ்தோ எட்டி, முதல் பக்கத்தைப் படிக்கப் பார்த்தான்.

“இந்த ஒப்பந்தம் இருக்கற வரைக்கும் தட்டு திரும்பாது, டவர் தேறாது. ஒரே ஒரு வழி இருக்கு,” என்றார் அவர். “ஷரத்து பதினேழு. சாமானுக்குப் பொறுப்பான ஆள், தானா வந்து, தன் கையால அதை எடுத்துட்டா, ஒப்பந்தம் அந்த நிமிஷமே முடிஞ்சுது. விளக்கு, அறை, தட்டு எல்லாம் பழையபடி. பன்னண்டு மணிக்கு நான் எண்ணுவேன். பதினொண்ணு இருந்தா நீங்க பியூப்லா. பன்னண்டு இருந்தா இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான். யாரு அந்தப் பொறுப்பான ஆள்?”

“ஞானத்தகப்பன்,” என்றார் நாபோர்.

“அதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?”

“இருக்கே. நோட்டுல கையெழுத்துப் போட்டிருக்காரு.”

எவரிஸ்தோ குதித்தான். “நோட்டா? நோட்டு இருக்கா? ரெண்டு நாளா நாயா அலையறேனே, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க நோட்டைக் கேக்கவே இல்லையே, இன்ஜினியரே. கேட்டா எடுத்துக் குடுக்கறதுக்கென்ன?”

எர்லிந்தா நோட்டை எடுத்துவர வீட்டுக்குப் போனாள். தாதேயோ கீழே இறங்கி, பெல்ட்டைக் கழற்றி, வரப்போகும் ஞானத்தகப்பனுக்காகத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பாண்டுக்காரர்கள் ஊதுகுழலை வெளியே எடுத்தார்கள். சிலுவை இறங்கும்போது ஊதாமல் இருக்க முடியுமா? ரொட்டிக் கடை வரிசை அப்படியே இடம் மாறி வேலியோரம் வந்து நின்றது. மணி பதினொன்றே கால்.

எவரிஸ்தோவால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. மூன்று நாள் ஆத்திரமும் பொங்கிக்கொண்டு வந்தது.

“என்ன மனுஷன்யா அவன்!” என்று ஊரைப் பார்த்துக் கத்தினான். “கௌரவம் மட்டும் வேணும், வேலை செய்ய வேணாமா? திருநாளுக்கு வரல. சிலுவையை எறக்க வரல. ஒரு ஊரையே காக்க வச்சிருக்கான். போட்ட கையெழுத்துக்கு ஒரு மதிப்பு வேணாம்? பொறுப்பில்லாத கழுதை!”

ஊர் திகைத்து நின்றது. ஊதுகுழல்காரர் ஊதுகுழலைக் கீழே இறக்கினார். நாபோர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க, இன்ஜினியரே,” என்றார் தோன் ஃபிடென்சியோ, கூச்சத்தோடு. “யாரா இருந்தாலும் தன்னையே இப்படி...” என்று ஆரம்பித்தவர், நாபோர் முறைத்ததும் இருமி மழுப்பிவிட்டார்.

“கழுதைன்னுதான் சொல்வேன்! அந்த நோட்டு வரட்டும். அவன் எந்த மூலையில இருந்தாலும் காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்து, நானே இந்த ஏணியில ஏத்தறேன்!”

எர்லிந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மோலேக் கறை படிந்த ஒரு பக்கத்தைப் பிரித்து, அதில் விரலை வைத்து, ஒல்வேரா அம்மாளுக்கும் தெரிகிற மாதிரி அவனிடம் நீட்டினாள்.

“ஏத்துங்க இன்ஜினியரே, ஆனா அவரைக் கழுதைன்னு மட்டும் சொல்லாதீங்க, அன்னிக்கு மூணாவது தட்டு மோலே கேட்டுக்கிட்டே, படிச்சுக்கூடப் பாக்காம இதுல கையெழுத்துப் போட்டது நீங்கதானே?”